ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களுக்கு: 2² என்று மட்டும் தொடங்காதீர்கள்

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கு,

வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தும் பட்டதாரி ஆசிரியை நான். காரணிப்படுத்தல் நடத்தப் போய், பிள்ளைகள் ப² × ப³ = ப⁶ என்று தப்பாக எழுதுவதைப் பார்த்துவிட்டு, "ஏழாவதுல என்னதான் நடத்துனாங்களோ" என்று ஆசிரியர் அறையில் அலுத்துக்கொள்ளும் கூட்டத்தில் பல வருடம் இருந்திருக்கிறேன். (மாறிகளுக்கு இந்த மடலில் ப, ம என்று எழுதுகிறேன். உங்கள் கரும்பலகையின் எக்ஸ், ஒய் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.) பிறகு ஒருமுறை, சக ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போக, ஏழாம் வகுப்பு ஆறு மாதம் என் தலையில் விழுந்தது. அதற்குப் பின் அப்படிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

முதல் நாளே சறுக்கினேன். அடுக்கு (ஓர் எண்ணை எத்தனை முறை எழுதிப் பெருக்க வேண்டும் என்று அதன் தலைமேல் எழுதும் சிறிய எண்) என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, எளிதாக இருக்கட்டுமே என்று 2² = 4 என்று எழுதினேன். வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. அடுத்து 3² எவ்வளவு என்றேன். பாதிப் பேர் ஆறு என்றார்கள். ஒரு பையன் எழுந்து நியாயமும் சொன்னான்: "ரெண்டு ரெண்டு நாலுன்னீங்க டீச்சர், அப்ப மூணு ரெண்டு ஆறுதானே?"

அவன் பக்கம் தப்பே இல்லை. 2 + 2 நான்கு, 2 × 2 நான்கு, 2² நான்கு. மூன்று வேறு செயல்களுக்கும் ஒரே விடை வரும் எண்ணைத் தேடிப் பிடித்து முதல் உதாரணமாக வைத்தவள் நான். கூடவே 2⁴, 4² இரண்டுமே 16 என்று காட்டினால் போச்சு. அடிமானத்தையும் (கீழே இருக்கும் எண்) அடுக்கையும் இடம் மாற்றிப் போடலாம் போல என்று ஒரு கூட்டம் முடிவு கட்டிவிடும். இப்போது 3⁴-இல் தொடங்குகிறேன். கூட்டினால் 7, பெருக்கினால் 12, மாற்றிப் போட்டால் 64, சரியான விடை 81. எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை விடையே காட்டிக் கொடுத்துவிடும்.

'அடுக்கு' என்ற சொல்லிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வீட்டில் பாத்திரத்தை அடுக்குகிறோம், செங்கல்லை அடுக்குகிறோம். அதெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ப்பது, அதாவது கூட்டல். அந்தப் படத்தை மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு 2³ என்பது இரண்டிரண்டாக மூன்று அடுக்கு, ஆகவே ஆறு. நான் தமிழ் வகுப்பிலிருந்து கடன் வாங்கினேன். "பாம்பு பாம்பு", "தீ தீ தீ" என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது அடுக்குத்தொடர். இங்கே ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது, நடுவில் பெருக்கல் குறியோடு. இலக்கணத்தில் நான்கு முறைக்கு மேல் அடுக்கக் கூடாது என்று எல்லை உண்டு, கணக்கில் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றதும் ஒருத்தி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது முறை அடுக்கலாமா என்று கேட்டாள். தாராளமாக.

இனி உங்களிடம் கேட்க வந்த முக்கியமான விஷயம். விதிகளை முதல் நாளே பலகையில் எழுதாதீர்கள். "அடிமானம் ஒன்றானால் அடுக்கைக் கூட்டு" என்பதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால், பிள்ளைக்கு 'அடுக்கைக் கூட்டு' மட்டும்தான் நினைவில் நிற்கும். பிறகு 2ப² + 3ப² = 5ப⁴ என்று எழுதும். அங்கே கூட்டல் குறிதான் இருக்கிறது என்பதைக் கவனிக்காது.

ஒரு வாரம், குறைந்தது நான்கு பாடவேளை, விரித்து எழுத மட்டும் விடுங்கள். 3ப² × 5ப³ என்றால் 3 × ப × ப × 5 × ப × ப × ப. எண்களை ஒரு பக்கம், ப-க்களை ஒரு பக்கம் ஒதுக்கினால் 15, ஐந்து ப. 15ப⁵. கெழுவை, அதாவது ப-வுக்கு முன்னால் நிற்கும் எண்ணை, பெருக்குவதா, கூட்டுவதா என்ற குழப்பத்துக்கே அங்கே இடமில்லை. (ப³)⁴ என்றால் ப × ப × ப என்ற கட்டு நான்கு, எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு. கை வலிக்கட்டும். ஒருநாள் ப²⁰ × ப³⁰ கொடுங்கள். "அம்பது தடவை எழுதணுமா டீச்சர்?" என்று ஒரு முனகல் எழும். விதி வர வேண்டிய நேரம் அதுதான். பெரும்பாலும் அதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இந்தக் குறியீடே கை வலித்ததால் வந்ததுதான். அடுக்கைச் சிறிய எண்ணாக மேலே தூக்கி எழுதும் இன்றைய முறையைப் பரவச் செய்தது 1637-இல் பிரெஞ்சு அறிஞர் டெகார்த் வெளியிட்ட வடிவியல் நூல். அவரேகூட வர்க்கத்துக்குப் பல இடங்களில் எழுத்தை இரண்டு முறை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு தடவைதானே, அதற்கு எதற்குச் சுருக்கம் என்று நினைத்தாரோ என்னவோ. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கிறது.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். பருவத்தேர்வு கழுத்துக்கு மேல் நிற்பது எனக்கும் தெரியும். ஆனால் ஏழில் மிச்சம் பிடிக்கும் அந்த நான்கு பாடவேளையை எட்டாவதில் ஓருறுப்புக் கோவைகளின் (3ப² போல ஒரே உறுப்பு உள்ளவை) பெருக்கல் வரும்போது நீங்களே திருப்பித் தருகிறீர்கள். ஒன்பதில் பல்லுறுப்புக் கோவை வரும்போது நான் வட்டியோடு கட்டுகிறேன்.

ஓருறுப்புக் கோவையில் இரண்டு இடங்களில்தான் வழுக்குகிறது. ஒன்று, நாம் பல காலமாகச் சொல்லிவரும் தேங்காய் கதை. "ப என்றால் தேங்காய், 3 தேங்காயும் 5 தேங்காயும் 8 தேங்காய், அதனால் 3ப + 5ப = 8ப." நானும் சொன்னவள்தான். சரி, ப × ப? தேங்காயைத் தேங்காயால் எப்படிப் பெருக்குவது? ப என்பது ஒரு தேங்காயின் விலை என்று மாற்றிச் சொல்லுங்கள், மாறி என்பது எண் என்பது பிடிபட்டுவிடும். ப² வரும்போது தேங்காயைக் கடைக்கே அனுப்பிவிட்டு, பக்கம் ப உள்ள சதுர அட்டையைக் காட்டுங்கள். அந்த அட்டை மூன்று சேர்ந்தால் 3ப². நீளம் மட்டும் ப ஆன கீற்றை அதோடு சேர்த்து ஒன்றாக எண்ண முடியாது என்பது கண்ணுக்கே தெரியும்.

இரண்டாவது, அடுக்கு யார் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது என்பது. 3ப²-இல் அது ப-வின் தலைமேல் மட்டும். (3ப)²-இல் அடைப்புக்குள் இருக்கும் இரண்டு பேர் தலைமேலும். ப-க்கு 2 போட்டால் முதலாவது 12, இரண்டாவது 36. இதே பார்வை இருந்தால் −3² ஏன் −9, (−3)² ஏன் 9 என்பதற்குத் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம்.

கடைசியாக, பூச்சிய அடுக்கு. 2⁰ = 1 என்பதை "அது அப்படித்தான்" என்று தாண்டிப் போகிறோம். எனக்கு உதவியது ஊர்க் கபடிப் போட்டி. தோற்றால் வெளியே என்ற முறையில் 16 அணிகள். இன்னும் நான்கு சுற்று பாக்கி, 2⁴. ஒரு சுற்று முடிந்தால் 8 அணி, மூன்று சுற்று பாக்கி. பிறகு 4, பிறகு இறுதி ஆட்டத்தில் 2. அதுவும் முடிந்தால் பாக்கிச் சுற்று பூச்சியம், கோப்பையோடு நிற்கும் அணி ஒன்று. சுற்று இல்லை என்பதற்காக அணி இல்லாமல் போய்விடுமா? அதே பாதியாக்கலை அணியை விட்டுவிட்டு எண்ணில் மட்டும் தொடர்ந்தால் அரை, கால், அரைக்கால், மாகாணி. நம் பாட்டிகள் வாயில் இருந்த கீழ்வாய் இலக்கம்தான் (பின்னங்கள்) 2-இன் அடுக்கு −1, −2, −3, −4. மேலே நான்காம் படியில் 16, கீழே நான்காம் படியில் பதினாறில் ஒன்று. எட்டாவதில் குறை அடுக்கு நடத்துபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "சுருக்குக: ப³ × ப⁴" என்று ஒரு மதிப்பெண்ணுக்கு எத்தனை முறைதான் கேட்பீர்கள்? பக்கத்தில் இதையும் வையுங்கள்: "ப³ + ப⁴ = ப⁷ என்கிறான் உன் நண்பன். ப = 2 எனக் கொண்டு சரிபார்." 8-உம் 16-உம் சேர்ந்து 24. 2⁷ என்பது 128. விடைத்தாளில் இந்த இரண்டு எண்ணையும் அருகருகே எழுதிப் பார்த்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு என்னிடம் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளை இரண்டு வருடம் கழித்து வாங்கிக்கொள்ளும் ஓர் ஆசிரியை

பி.கு.: 0⁰ எவ்வளவு என்று ஒரு வால் நிச்சயம் கேட்கும். அவசரப்பட்டு ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். ஓர் அணிகூடப் பதிவு செய்யாத போட்டியில் கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று திருப்பிக் கேளுங்கள்.