எடை நின்னுபோச்சுன்னு பட்டினி கிடக்காதே கண்ணு

கோபி,
ஞாயிறு, பொழுதோட

கண்ணு,

மூணு வாரமா எடை 70 கிலோவிலேயே நிக்குது, முப்பது வயசு ஆகப்போகுது, மெட்டபாலிசமே கெட்டுப்போச்சும்மான்னு நேத்து சொன்னே. ரெண்டு சப்பாத்தியும் வெள்ளரிக்காயுமா நாளை ஓட்டறேன்னும் சொன்னே. அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறலை.

வயசுப் பேச்சை முதல்ல விடு. 2021-ல சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வுல, பச்சைக் குழந்தையிலிருந்து 95 வயசு வரைக்கும் 6,400 பேருக்கு மேல அளந்து பார்த்திருக்காங்க. உடம்போட அளவுக்குத் தக்கபடி கணக்குப் பார்த்தா, 20-லிருந்து 60 வரைக்கும் மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரி எரிக்கற வேகம், பெருசா மாறறதே இல்லை.

உன் கணக்கைப் போட்டுப் பாரு. எடையை 10-ஆல பெருக்கு, உயரத்தை 6.25-ஆல பெருக்கு, ரெண்டையும் கூட்டு. அதுல வயசை 5-ஆல பெருக்கிக் கழி, பொண்ணுங்களுக்கு இன்னொரு 161 கழி. 70 கிலோ, 160 சென்டிமீட்டர், 29 வயசுக்கு 1,394 கலோரி வருது. சும்மா படுத்துக் கிடந்தாலும் மூளை, ஈரல், இருதயம் ஓட இவ்வளவு வேணும். உட்கார்ந்தே வேலைன்னா 1.2-ஆல பெருக்கு, தினம் ஒரு மணி நேரம் நடந்தா 1.375-ஆல பெருக்கு. நடந்தா உனக்கு 1,900 சொச்சம். அதுல 400 குறைச்சு 1,500 சாப்பிடு. ஒரு கிலோ கொழுப்புல சுமார் 7,700 கலோரி இருக்கு. அப்போ ஒரு கிலோ கரைய 19 நாள் ஆகும். முதல் வாரம் சரசரன்னு இறங்குச்சே, அதுல பெரும்பகுதி தண்ணி. உடம்பு சேர்த்து வெச்ச சர்க்கரை ஒவ்வொரு கிராமோடயும் மூணு கிராம் தண்ணி ஒட்டிக்கிட்டிருக்கும், சர்க்கரை தீர்ந்தா தண்ணியும் போயிரும்.

ரொம்பக் குறைச்சா என்ன ஆகும்னா, உனக்கே தெரியாம நடமாட்டம் குறையும். மாடிப்படிக்குப் பதிலா லிஃப்ட் ஏறுவே, பொழுதோட வந்ததும் படுத்துக்குவே. கொழுப்போட தசையும் கரையும். முடியும் கொட்ட ஆரம்பிக்கும். சனி ஞாயிறு பசி தாங்காம ஒரு பிரியாணி உள்ளே போனா பட்டினி கிடந்ததுல ஒரு பங்கு அடிபட்டுரும்.

நாளைக்கு 85 கிராம் புரதம் வேணும். ரெண்டு முட்டையில 12, அம்பது கிராம் பச்சைப்பயறுல 12, அம்பது கிராம் கொள்ளுல 11, ஒரு கிண்ணம் தயிர்ல 7, வெந்த கோழிக்கறி நூறு கிராம்ல 27. மிச்சம் சோறு, ராகியிலிருந்து வந்துரும். புரதத்தைச் செரிக்கவே அதோட கலோரியில காவாசி செலவாகும், பசியும் சீக்கிரம் வராது.

கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்றாங்களேன்னு வெறும் கொள்ளு ரசத்தைக் குடிச்சுட்டு இருக்காதே. வேகவெச்சு இறுத்த தண்ணியில புரதம் கொஞ்சந்தான், எல்லாம் பயறுலதான் நிக்குது. ராத்திரியே ஊறப் போட்டு, குக்கர்ல ஆறேழு விசில் விடு. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாயை வதக்கி, பயறோட சேர்த்துக் கொரகொரன்னு ஆட்டிச் சோத்துல பிசைஞ்சு சாப்பிடு. கொழுப்பைக் கரைக்கற மாயமெல்லாம் அதுல இல்லை. வயிறு நிறையும், அதுதான் அதோட குணம்.

எண்ணெயை பாட்டிலோட சாய்க்காதே. ஒரு மேசைக்கரண்டி செக்குக் கடலெண்ணெயில 120 கலோரிக்கு மேல இருக்கு. செக்குல ஆட்டினதுங்கறதால ஒரு கலோரியும் குறையாது. தேங்காய்ச் சட்னியையும் கணக்குல சேரு.

வாரம் மூணு நாள் நாற்காலியில உட்கார்ந்து எந்திரிக்கறது, மேசையில கை ஊனித் தண்டால், தண்ணி கேனை இடுப்புக்கு இழுக்கறது, ஒவ்வொண்ணும் பத்துப் பத்தா மூணு தடவை செய். பன்னெண்டு சுளுவா வந்தா பாரத்தைக் கூட்டு. கூட்டாமலே செஞ்சா தசை வளராது. தசை கூடினா படுத்திருந்தே கொழுப்பு எரியும்னு சொல்றதையும் நம்பாதே. ஒரு கிலோ தசை ஒரு நாளைக்கு 13 கலோரிதான் எரிக்கும். இளைக்கும்போது தசை போகாம காக்கறதுக்குத்தான் இந்தப் பயிற்சி.

வெள்ளன எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு வந்து எடை பாரு, வாரச் சராசரியை மட்டும் குறிச்சுக்கோ. மாதவிலக்குக்கு முந்தி ஒண்ணு ரெண்டு கிலோ வரைக்கும் நீர் ஏறலாம், அதனால போன மாசத்து அதே வாரத்தோட ஒப்பிடு. எப்பவும் அசதி, குளிர், மலச்சிக்கல், தேதி தவறுதுன்னா டிஎஸ்எச்ங்கற தைராய்டு ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து ரெண்டும் பார்த்துட்டு டாக்டரைப் பாரு.

கொள்ளும் பயறும் ரெண்டு ரெண்டு கிலோ பொடைச்சு வெச்சிருக்கேன், அடுத்த தடவை அப்பா வரும்போது கொடுத்து விடறேன். அதுவரைக்கும் ராத்திரிச் சாப்பாட்டை விடாதே சாமி.

அம்மா