அம்புக்குறி வேண்டாம், காம்பஸ் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜவ்வாது மலைக் குகைகளுக்குப் போகிறவர்கள் வழி தெரியாமல் தவிக்கிறார்கள், அதனால் பாறைகளில் பெயின்ட்டால் அம்புக்குறி போட்டு வைக்க வேண்டும் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தவிப்பு உண்மைதான். ஆனால் அந்த யோசனையை மட்டும் யாரும் காதில் வாங்கிவிடாதீர்கள்.

அம்புக்குறிக்கு அங்கே இப்போதே பஞ்சமில்லை. ஒரு கோஷ்டி நீலத்தில் போட்டது இடப்பக்கம் காட்டும், அதற்கு நாலடி தள்ளி வேறு யாரோ வெள்ளையில் போட்டது மேலே காட்டும், கூடவே இதய வடிவம், இரண்டு பெயர், தேதி. பெயின்ட் டப்பா ஒரு தடவை மலை ஏறிவிட்டால் வழியோடு நிற்காது, குகைச் சுவர் வரை போகும். நம் பக்கத்துப் பழைய பாறை ஓவியங்களில் வெள்ளை நிறத்தில் தீட்டியவை நிறைய. வெயில் சாயும்போது உற்றுப் பார்த்தால்தான் கண்ணுக்கே தெரியும். அதன் மேல் ஒரு அம்பு விழுந்தால் முடிந்தது கதை. மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையில் 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் இன்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. மிஞ்சியதையும் இழக்க வேண்டுமா?

நான் பள்ளியில் என்.சி.சி. பார்த்துக்கொண்ட ஆசிரியர், இப்போது ஓய்வு. பழைய மாணவர்கள் சிலரோடு, வனத்துறை அனுமதியோடு, காட்டுக்குள் இருக்கும் ஒரு குகைக்குப் போய் வந்தேன். பெயரை எழுதப் போவதில்லை, எழுதினால் அடுத்த ஞாயிறே பைக் வரிசை கட்டும். காம்பஸ் என்கிற திசைகாட்டி ஒன்று, இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் (அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் அரை கிலோமீட்டர்), ஊர்ப் பெரியவர் ஒருவர், இவ்வளவுதான் எங்களுக்கு வழிகாட்டி. அந்த வரைபடங்களை 2017 முதல் அந்தத் துறையே இணையத்தில் இலவசமாகத் தருகிறது என்பது இங்கே பல பேருக்குத் தெரியவே தெரியாது.

செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று பையன்களும் கேட்டார்கள். டவர் இல்லாவிட்டாலும் போன் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும், அதற்குச் செயற்கைக்கோள் போதும். ஆனால் முன்பே இறக்கி வைக்காவிட்டால் வரைபடம் வராது, வெறும் சாம்பல் திரையில் நீலப் புள்ளி ஒன்று மட்டும் நிற்கும். செங்குத்துப் பாறைக்கு அடியில் அந்தப் புள்ளியும் அங்குமிங்கும் தாவும். அப்புறம் சார்ஜ் தீரும்.

பிரிசம் பொருத்திய பிரிஸ்மாட்டிக் காம்பஸைக் கண்ணருகே பிடித்து, மூடியில் இருக்கும் மெல்லிய கோட்டைத் தூரத்துப் பாறையோடு பொருத்தி, அது வடக்கிலிருந்து எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பிரிசம் வழியாகப் படிக்க வேண்டும். பேரிங் எடுப்பது என்பது இதுதான். ஆனால் காம்பஸ் முள்ளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் காலில் கல் இடறும், அதனால் அந்தக் கோட்டில் கண்ணில் படும் ஒரு மரத்தையோ கல்லையோ குறித்துக்கொண்டு அதுவரை போய், அங்கிருந்து மறுபடி அடுத்ததைப் பார்க்க வேண்டும். குறுக்கே உண்ணிச்செடி புதர் அடைத்துக்கொண்டு நின்றால் 90 டிகிரி திரும்பி, அடி எண்ணி விலகி, புதரைத் தாண்டிய பிறகு அதே அடி எண்ணிக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். தூரக் கணக்குக்குப் பையன்களிடம் புளியங்கொட்டை கொடுத்திருந்தேன், நூறு காலடிக்கு ஒரு கொட்டை வலது பையிலிருந்து இடது பைக்கு. சிரித்தார்கள். மேட்டில் ஏறும்போது காலடியின் நீளம் சுருங்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

குகை ஓடையை ஒட்டி இருந்தால் குகைக்கே நேராகக் குறி வைக்கக் கூடாது, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வித்தை. 5 டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டரில் சுமார் 87 மீட்டர் விலகிவிடும், காட்டில் அந்தத் தூரத்துக்குக் குகை கண்ணில் படாது. வேண்டுமென்றே இடப்பக்கம் தள்ளிக் குறி வைத்து நடந்தால், ஓடையைத் தொட்டதும் வலப்பக்கம்தான் திரும்ப வேண்டும், மேலேயா கீழேயா என்ற குழப்பமே இல்லை. கூட வந்த பெரியவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இந்த டப்பாவ பாத்துக்கினு எதுக்கு சார் கஷ்டப்படற, ஓடைய புடிச்சிக்கினு வா, தானா வந்துரும்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அவருக்கு ஓடை எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று தெரியும், நமக்குத் தெரியாது.

காம்பஸும் கடவுள் இல்லை. செல்போன், காந்தம் வைத்த கவர், இரும்புப் பூண் போட்ட தடி எல்லாம் பக்கத்தில் இருந்தால் முள் பொய் சொல்லும். திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலை, வேடியப்பன்மலை போல இரும்புத்தாது உள்ள மலைகளில் ரொம்பவே ஜாக்கிரதை வேண்டும்.

காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட்டு, இன்னும் பங்குனி வெயிலில் ரீல்ஸ் எடுக்கக் கிளம்புகிறார்கள். குகை என்றால் உள்ளே கரடி படுத்திருக்கலாம், மேலே பாறையில் மலைத்தேன் கூடு தொங்கலாம். அம்புக்குறி இதையெல்லாம் சொல்லுமா? உள்ளூர் ஆள் சொல்வார். அவருக்குக் கொடுக்கும் கூலி பெயின்ட் செலவை விடப் பிரயோஜனமானது. மலையேற்றம்தான் வேண்டும் என்றால் 2024இல் வந்த அரசின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் ஏலகிரி சுவாமிமலை இருக்கிறது, முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போய் வரலாம்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 'மறைந்திருக்கும் குகை' என்று ஞாயிறு மலரில் கட்டுரை போட்டு, பக்கத்திலேயே கூகுள் மேப் போக க்யூஆர் கோடும் அச்சிட்டால் அப்புறம் அது எங்கே மறைந்திருக்கிறது? அந்த இடத்தில் எந்த வனச்சரக அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்று போடுங்கள். அம்புக்குறி கேட்ட வாசகருக்கு விருப்பம் இருந்தால் பேரிங் எடுக்க நானே சொல்லித் தருகிறேன், வரும்போது புளியங்கொட்டை மட்டும் கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
காட்பாடி.