இடக்கை, வலக்கைக் கணக்கு: எத்தனை வாய்ப்பில் என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பாலுக்கும் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இடம் ஒதுக்குவது மகிழ்ச்சி. ஆனால் பேட்டரின் படத்துக்குக் கீழே 'இடக்கை பிட்சருக்கு எதிராக .340, வலக்கை பிட்சருக்கு எதிராக .251' என்கிற பாணியில் (பிட்சர் என்றால் பந்து வீசுபவர்; .340 என்றால் ஆயிரம் வாய்ப்பில் 340 ஹிட்) ஒரு சின்னப் பெட்டி வருகிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதைப் பார்க்கும் வாசகர் 'இவர் இடக்கையருக்கு எமன் போலிருக்கிறது' என்று முடிவுகட்டிவிடுகிறார். பெரும்பாலும் அந்த முடிவு தப்பு.

எதிர்க்கை பிட்சர் வந்தால் பேட்டருக்கு லாபம், தன் கைக்காரரே வந்தால் நஷ்டம் என்பது பேஸ்பாலின் பழைய பாடம். பாடம் சரிதான். ஏன் என்பதைத்தான் பலரும் அரைகுறையாகச் சொல்கிறார்கள்.

பிட்சர் கால் வைக்கும் ரப்பர் பலகையிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். முன்னே எட்டி வைத்து வீசுவதால் பந்து கையை விட்டுப் புறப்படுவது ஏறத்தாழ 55 அடியில். 95 மைல் வேகப்பந்து என்றால் பேட்டருக்குக் கிடைப்பது 0.4 விநாடி. அதில் பாதி, அது என்ன பந்து என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். இடக்கை பிட்சர் பலகையின் முதல் பேஸ் பக்க ஓரத்தில் (அதாவது தன் இடப்பக்கம்) நின்று, கையைப் பக்கவாட்டில் விரித்து வீசினால், பந்து நடுக்கோட்டிலிருந்து மூன்றடி தள்ளிக் கிளம்பும். இடக்கை பேட்டர் நிற்பதும் அதே பக்கம். பந்து தன் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல அவருக்குத் தெரியும். வலக்கை பேட்டருக்கோ அதே பந்து ஆரம்பத்திலிருந்தே கண்முன் விரிந்து வருகிறது.

ஆனால் கோணம் மட்டும் இவ்வளவு வேலை செய்யாது. பந்தின் திருப்பமும் சேர வேண்டும். கிரிக்கெட் தெரிந்த நம் வாசகருக்கு இதை ஒரே வரியில் புரியவைக்கலாம்: ஸ்லைடர் என்பது தரையில் படாத லெக் பிரேக், சேஞ்சப் என்பது தரையில் படாத ஆஃப் பிரேக். வலக்கை பிட்சரின் ஸ்லைடர் வலக்கை பேட்டரைவிட்டு வெளியே ஓடும். இடக்கை பேட்டருக்கு உள்ளே வரும். சேஞ்சப் இதற்கு நேர்மாறு. டெஸ்ட் கிரிக்கெட்டில் இடக்கை ஆட்டக்காரர்கள் 200 பேரை முதன்முதலில் வீழ்த்தியவர் நம் அஸ்வின். அவருடைய ஆஃப் பிரேக் அவர்களைவிட்டு வெளியே போனது அதற்கு ஒரு பெரிய காரணம். பேஸ்பாலிலும் பேட்டரைக் கொல்வது விலகி ஓடும் பந்துதான்.

ஆகவே எந்தக் கை என்பதைவிட எந்தப் பந்து என்பதே முக்கியம். ஸ்லைடரும், அதைவிட அகலமாக ஓடும் ஸ்வீப்பரும், கைப்பக்கம் சரிந்து இறங்கும் சிங்கரும் தன் கைக்காரரிடம் நன்றாக எடுபடும், எதிர்க்கையரிடம் அடிவாங்கும். தலைக்கு மேலிருந்து விட்டுச் செங்குத்தாக விழவைக்கும் கர்வ் என்ற வளைபந்துக்கு இந்தப் பேதம் குறைவு. நேராக வரும் வேகப்பந்துக்கும் அப்படியே. சேஞ்சப் கைவசம் உள்ளவர் எதிர்க்கை பேட்டரைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. 1981-இல் ஒரே ஆண்டில் சிறந்த புதுமுகம், சை யங் (சிறந்த பிட்சர்) ஆகிய இரண்டு விருதுகளையும் வாங்கிய இடக்கையர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலாவின் ஆயுதம் ஸ்க்ரூபால். அது வலக்கை பேட்டரைவிட்டு வெளியே வளையும். 'இடக்கையர்தானே, வலக்கை பேட்டர்களாக அடுக்கிவிடுவோம்' என்று அணியை அமைத்தால் இவரைப் போன்றவரிடம் அந்தக் கணக்கு செல்லாது.

2024 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தை இதற்கு உரைகல்லாக வைக்கலாம். அக்டோபர் 25, டாட்ஜர் ஸ்டேடியம், பத்தாவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸுக்கு எதிராக யாங்கீஸ் 3-2 என முன்னிலை. ஒருவர் அவுட், இரண்டு டாட்ஜர்ஸ் ஓட்டக்காரர்கள் பேஸில் (ஓடிச் சேர வேண்டிய நிலைகளில்). அடுத்து இடக்கை பேட்டர் ஓட்டானி. யாங்கீஸ் மேலாளர் ஆரோன் பூன் இடக்கையர் நெஸ்டர் கோர்டெஸை அழைத்தார். முழங்கைக் காயத்தால் கோர்டெஸ் செப்டம்பர் 18-க்குப் பிறகு ஆட்டத்தில் பந்தே வீசியிருக்கவில்லை. முதல் பந்திலேயே ஓட்டானி கொடுத்த ஃபவுல் கேட்சை யாங்கீஸின் வெர்டுகோ பிடித்தார். பிடித்த வேகத்தில் தடுப்பைத் தாண்டி ரசிகர்கள் பக்கம் விழுந்ததால், விதிப்படி ஓட்டக்காரர்கள் ஆளுக்கொரு பேஸ் முன்னேறினர். முதல் பேஸ் காலி. அடுத்தவர் வலக்கையர் மூக்கி பெட்ஸ். அவரை வேண்டுமென்றே நடக்கவிட்டு (அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு இலவசமாக அனுப்பி), மூன்று பேஸையும் நிரப்பிக்கொண்டு, இடக்கையர் ஃப்ரெடி ஃப்ரீமனை எதிர்கொண்டார்கள். முதல் பந்து, உள்பக்கம் வந்த வேகப்பந்து, வலப்பக்க இருக்கைகளுக்குள் போய் விழுந்தது. 6-3. உலகத் தொடர் வரலாற்றில் ஆட்டத்தை அங்கேயே முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸும் நிரம்பியிருக்கும்போது, கிரிக்கெட் சிக்ஸர்போல வேலிக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன்).

மறுநாள் 'இடக்கைக்கு இடக்கை என்ற தத்துவமே பொய்' என்று பலர் பேசினார்கள். ஒரு பந்து எதையும் நிரூபிக்காது. பெட்ஸை நடக்கவிட்டதில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. இடக்கைக்கு இடக்கை என்பதன் லாபம் வெளியே ஓடும் பந்தில் இருக்கிறது; வீசப்பட்டதோ அந்த லாபம் மிகக் குறைவாக உள்ள பந்து, அதுவும் உள்பக்கம், அதுவும் ஐந்து வாரம் ஆட்டத்தில் இறங்காத கையிலிருந்து. கையைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு அந்தக் கைக்குரிய பந்தை விட்டுவிட்டார்கள் என்பேன்.

இனி எண்களுக்கு வருகிறேன். .340 என்பது 47 வாய்ப்பில் 16 ஹிட் என்று வைத்துக்கொள்வோம். அதில் நான்கு பந்துகள் சும்மா தொட்டுக் காலி இடத்தில் விழுந்தவை என்றால்? அவை ஃபீல்டர் கைக்குப் போயிருந்தால் 12 ஹிட், .255. எமன் காணாமல் போய்விட்டான். பருவம் முழுக்க ஆடும் ஒருவர் வலக்கையருக்கு எதிராக 450, இடக்கையருக்கு எதிராக 150 வாய்ப்பு ஆடுகிறார் என்று கொண்டாலும், .260 அடிப்பவருக்கு இரண்டு சராசரிகளுக்கும் இடையே வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டும் 40 புள்ளி இடைவெளி சர்வசாதாரணமாக வரும் (ஆயிரத்தில் ஒன்று ஒரு புள்ளி). கை மாறுவதால் வரும் உண்மையான வித்தியாசமே அதைவிடச் சிறியது. திருவிழா இரைச்சலில் கொலுசுச் சத்தம் தேடுகிற கதை.

அதற்காக அந்த எண்ணைக் குப்பையில் போட வேண்டியதில்லை. நீர்க்கவைத்துப் படிக்க வேண்டும். ஆய்வாளர்கள் புழங்கும் வழி இது: இடக்கை பேட்டர் என்றால், இடக்கையருக்கு எதிராக அவர் ஆடிய வாய்ப்புகளோடு 'சராசரி இடக்கை பேட்டர்' ஆடிய 1000 வாய்ப்புகளைக் கலந்துவிடுவது. வலக்கை பேட்டருக்கு ஏறத்தாழ 2200. ஓர் இடக்கை பேட்டர் 200 வாய்ப்பில் 90 புள்ளி இடைவெளி காட்டுகிறார், சராசரி இடைவெளி 30 என்று வைத்துக்கொண்டால், இருநூறு தொண்ணூறும் ஆயிரம் முப்பதும் சேர்த்து 1200-ஆல் வகுக்க வருவது 40. நாம் நம்பத்தக்கது அந்த 40-தான். வலக்கையரானால், சராசரி 20 என்று கொண்டு இதே கணக்கைப் போட்டால் 26. அதாவது ஒரு வலக்கை பேட்டரின் சொந்த இடைவெளி பல ஆண்டுகள் ஆடிய பிறகும் முக்கால்வாசி இரைச்சல். பிட்சருக்கு இந்தக் கலவை சில நூறு வாய்ப்புகளே போதும். அவருடைய இடைவெளி சீக்கிரம் தெளிவாகிவிடும், ஏனென்றால் அது அவர் வீசும் பந்திலும் கைக்கோணத்திலும் எழுதியிருக்கிறது. எனவே பெட்டி போட்டே தீருவதென்றால் பிட்சருக்குப் போடுங்கள்.

இன்னொரு பொறி, யாரை யார் எதிர்கொண்டார் என்பது. இடக்கையரிடம் தடுமாறும் இடக்கை பேட்டரை மேலாளர் அன்றைக்கு உட்காரவைத்துவிடுவார். தப்பித்தவறி அவர் சந்திப்பதெல்லாம் கடைசி இன்னிங்ஸில் அவருக்கென்றே கொண்டுவரப்படும் ஸ்லைடர்காரரை. அந்த 40, 50 வாய்ப்புகளை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை. இந்த மாற்றி உட்காரவைக்கும் முறைக்கு நூற்றாண்டுக்கு மேல் வயது: 1914-இல் பாஸ்டன் பிரேவ்ஸின் ஜார்ஜ் ஸ்டாலிங்ஸ் அவுட்ஃபீல்டில் (வெளிக்களத்தில்) செய்தார், கேசி ஸ்டெங்கல் யாங்கீஸில் அதையே பழக்கமாக்கி 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து கோப்பை வென்றார். என் ரசனைக்கு உச்சம் 1982 பால்டிமோர்தான். இடக்கையர் லோவென்ஸ்டைன் 24 ஹோம் ரன், வலக்கையர் ரோனிக்கி 21. பெரும்பாலும் இடப்பக்க அவுட்ஃபீல்டைப் பகிர்ந்துகொண்ட இரண்டு பேர், கூட்டினால் 45.

இரு கையாலும் ஆடுபவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை என்று எழுதுவதும் சரியல்ல. மிக்கி மேன்டிலின் 536 ஹோம் ரன்களில் 372 இடப்பக்கம் நின்றவை, 164 வலப்பக்கம். வலக்கை பிட்சர் வந்தால் அவர் இடப்பக்கம் நிற்பார்; பிட்சர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வலக்கையர் என்பதால் இப்படித்தான் அமையும். 'மேன்டிலின் வலக்கை பலவீனம்' என்று இதைப் படிக்கக் கூடாது.

இடக்கை பேட்டர்களின் இடைவெளி வலக்கையரதைவிடப் பெரிதாக இருப்பதற்கும் ஒரு காரணம் அதே எண்ணிக்கைதான். பள்ளி வயதிலிருந்தே அவர்கள் பார்க்கும் இடக்கைப் பந்து சொற்பம். பயிற்சியாளர்கள் இதற்குச் செய்யக்கூடியது எளிது: பந்து வீசும் இயந்திரத்தைப் பலகைக்கு நேர் நடுவில் வைக்காமல் முதல் பேஸ் பக்கம் இரண்டு மூன்று அடி தள்ளி வைத்து, வெளியே திரும்பும் ஸ்லைடர் சுழற்சியில் ஓட்ட வேண்டும். நடுவில் வைத்து நேர்ப்பந்து அடித்துப் பழகியவருக்கு நிஜ ஆட்டத்தில் என்ன ஆகிறது? பந்து தன் இடுப்பை நோக்கி வருவதாக எண்ணி முன்தோள் சீக்கிரம் திறந்துகொள்கிறது, இடுப்பு பின்வாங்குகிறது, கை மட்டும் பந்தைத் துரத்துகிறது. மட்டையின் நுனியில் பட்டு இரண்டாவது பேஸ் பக்கம் உருளும். முன்காலைச் சற்று விலக்கித் திறந்த நிலையில் நின்று இரண்டு கண்ணாலும் பிட்சரைப் பார்ப்பது உதவும். ஆனால் அடிக்கும்போது அந்தக் கால் மறுபடி மூடித் திரும்ப வேண்டும். பலர் அதை மறந்துவிட்டு, திறந்த நிலையைக் குறை சொல்கிறார்கள்.

இந்தப் பயம் எவ்வளவு நிஜம் என்பதற்கு 1997 நட்சத்திர ஆட்டத்தைப் பார்த்தால் போதும். ஆறடி பத்தங்குல உயரத்து ராண்டி ஜான்சன் ஒரு பந்தைத் தலைக்கு மேல் விட, இடக்கை பேட்டர் லாரி வாக்கர் ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு பந்துக்கு வலப்பக்கம் போய் நின்றார். சிரிப்புக்காகத்தான்.

விதி மாற்றம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஒரே ஒரு இடக்கை பேட்டருக்காக இடக்கையரை இறக்கி உடனே எடுக்கும் பழக்கம் 2020-இல் நின்றது. இப்போது, இன்னிங்ஸ் முடிந்தாலோ காயம் பட்டாலோ தவிர, ஒரு பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்தித்தாக வேண்டும். எனவே 2019 வரையிலான எண்களையும் அதற்குப் பிந்தையவற்றையும் ஒரே வரிசையில் போட்டு ஒப்பிட வேண்டாம்.

பெட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. '.340' என்பதற்குப் பக்கத்தில் '47 வாய்ப்பில் 16' என்று ஓர் ஒட்டு. எதிரே வரும் பிட்சர் அதிகம் வீசும் இரண்டு பந்துகளின் பெயர். அரை வரி இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்க வாசகர் ஒருவர்