களர் மேய்ச்சல் நிலத்தைத் தோண்டாமல் மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
ஆடு மாடு வளர்க்கும் குடும்பத்தினர்,
மணிகண்டம் ஊராட்சி ஒன்றியம், ஸ்ரீரங்கம் வட்டம்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருச்சிராப்பள்ளி.

பொருள்: மேய்க்கால் புறம்போக்கில் குழி வெட்டும் வேலையை நிறுத்தவும், மண்ணின் களர்த்தன்மையை (சோடியம் ஏறிக் கெட்ட நிலையை) முறையாகச் சோதிக்கவும், ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) இட்டுப் புல்தரையாக மீட்டுத் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊராட்சியின் மேய்க்கால் புறம்போக்கை நம்பித்தான் இங்குள்ள செம்மறிப் பட்டிகளும் வெள்ளாடுகளும் நாட்டு மாடுகளும் இருக்கின்றன. திருச்சி கருப்பு என்று கால்நடைத் துறையே தனி இனமாகச் சொல்லும் செம்மறியை இன்னும் விடாமல் வளர்க்கிறவர்கள் எங்களில் பலர். அந்த நிலத்தில் பாதிக்கு மேல் இன்று புல் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாலை வேலைக்காக அங்கே மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துப் போனார்கள். எடுத்த இடம் அன்றிலிருந்து மொட்டையாகவே கிடக்கிறது. இப்போது மழைநீர் சேமிப்பு என்ற பெயரில் ஜேசிபி வைத்து ஆழக் குழிகள் வெட்ட அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மண்ணுக்கு அது ஆகாது. ஏன் ஆகாது என்பதைத் தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பதற்காகவே மனு கொஞ்சம் நீண்டுவிட்டது.

அந்த நிலத்தில் மொட்டைத் திட்டு தொடங்கும் ஓரத்தில் குனிந்து பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். அருகும் கொழுக்கட்டைப் புல்லும் இருக்கிற மேல்மண் ஒரு சாண்கூட இராது. அது ஒரு படிபோல வெட்டுப்பட்டு நிற்கும். படிக்குக் கீழே சாம்பல் நிறக் களி, கடப்பாரை போட்டால் கணீரென்று கேட்கும். அதற்கும் கீழே சுண்ணாம்பு இறுகிய சுக்கான் கற்கள். சித்திரை வெயிலில் மேலே வெளுத்த பொருக்கு கட்டும். பள்ளமான இடத்தில் கறுப்பாக ஒரு படிவு நிற்கும். மண்ணிலிருந்த மக்கிய பொருளைக் காரம் கரைத்து மேலே கொண்டுவந்து விட்டதுதான் அது. ஐப்பசியில் நல்ல மழை பெய்து தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி நிற்கும்போதும், சேற்றை விரலால் ஒதுக்கிப் பார்த்தால் நாலு அங்குலத்துக்குக் கீழே மண் காய்ந்தே இருக்கிறது. மேலே வெள்ளம், வேருக்கு வறட்சி. புல் எப்படி நிற்கும்?

இந்த நிலைமையைச் சொல்லி ஏற்கெனவே ஒருமுறை மண் பரிசோதனைக்குக் கொடுத்தோம். வந்த அறிக்கையில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறனை மட்டும் பார்த்துவிட்டு ‘உப்புத்தன்மை இல்லை, இயல்பான மண்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் பிறகு வந்த திட்டங்கள் எல்லாம் போடப்பட்டிருக்கின்றன. சிக்கலே இங்கேதான் இருக்கிறது.

உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. மின்கடத்து திறன் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸைத் தாண்டும். நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் பெருமளவு சரியாகும். களர் நிலத்தில் அந்த எண் 4-க்குக் கீழேயே இருக்கும், சில இடங்களில் மிகவும் குறைவாகக்கூட இருக்கும். அங்கே பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் போகிறதா, களித் துகள்களில் ஒட்டியிருக்கும் பரிமாற்ற சோடியம் 15 விழுக்காட்டைத் தாண்டுகிறதா. சோடியம் ஏறிய களி தண்ணீர் பட்டதும் துகள் துகளாகப் பிரிந்து, காற்றும் நீரும் போகிற நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. இதில் வெறும் மழைத் தண்ணீரைத் தேக்கினால் இருக்கிற கொஞ்சம் உப்பும் கழுவிப் போய், களி இன்னும் மோசமாகக் கலங்கும். உவருக்கு மருந்தான வெறும் தண்ணீர் களருக்குத் தீங்காகவே முடியும்.

மண் களரானது யார் செய்த குற்றமும் அல்ல. அடியில் இருக்கிற பாறை சிதையும்போது சோடியம் வெளிவருகிறது. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற மழை அதை ஆழத்துக்குக் கொண்டுபோகப் போதாது. வெயிலில் மண்நீர் வற்ற வற்ற, சுண்ணாம்பு சுக்கானாக இறுகிவிடும். சோடியம் மட்டும் களியைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் உப்பாலும் காரத்தாலும் கெட்ட நிலம் சுமார் 3.7 லட்சம் ஹெக்டேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் மிகப்பெரும் பகுதி களர்தான். நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் களர் நிலத்திலேயே அமைந்தவை. களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 2, திருச்சி 3 நெல் ரகங்கள் அங்கிருந்துதான் வந்தன. பட்டா நிலத்தில் நெல் போடுகிறவர்களுக்கு ரகமும் கிடைத்தது, ஜிப்சமும் கிடைத்தது. சந்தோஷம். பொதுவில் கிடக்கிற மேய்ச்சல் தரைக்கு மட்டும் யாரும் ஒரு மூட்டை ஜிப்சம் ஒதுக்கியதில்லை, ஏனென்றால் அதற்குச் சிட்டாவில் பெயர் இல்லை.

ஆய்வகம் வரைகூடப் போக வேண்டாம். மொட்டைத் திட்டிலிருந்து சுண்டைக்காய் அளவு காய்ந்த கட்டி ஒன்றை எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளர் மழைத் தண்ணீரில் மெதுவாகப் போட்டு, ஆட்டாமல் வைத்துவிடச் சொல்லுங்கள். கட்டியைச் சுற்றிப் புகைபோலக் கலங்கல் பரவும். மறுநாள் பார்த்தாலும் தெளியாது. இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை ஜிப்சத்தை முதலில் கரைத்துவிட்டு அதே மண்ணைப் போட்டால் கலங்கல் திரண்டு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். தங்கள் மேசையிலேயே செய்து பார்க்கலாம். மண்ணை நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

சரி, குழி வெட்டினால் என்ன ஆகும்? ஆழத்தில் இருக்கிற மோசமான களி மேலே வந்து, மிஞ்சியிருக்கிற நல்ல மேல்மண்ணின் மீது கொட்டப்படும். அந்தக் களியாலேயே போடுகிற கரையும் நிற்காது. தண்ணீர் ஊறுகிற இடத்தில் களி கரைந்து உள்ளுக்குள்ளேயே குகை விழுந்து, வெளியே பார்க்கக் கரை முழுசாக இருக்கும்போதே ஒருநாள் உட்கார்ந்துவிடும். பக்கத்தில் ஏற்கெனவே வெட்டிய ஒரு குட்டையின் கரை இரண்டாவது மழைக்காலத்திலேயே இப்படித்தான் போனது. மிச்சமிருக்கும் தண்ணீர் தை மாதம் வரை கலங்கியே கிடக்கிறது; மாடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. சீமைக்கருவேலத்தை அகற்றுகிற வேலையிலும் இதே ஆபத்து உண்டு. மரத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜேசிபியால் வேரோடு பெயர்த்து அடிக்களியைப் புரட்டாமல், தூரில் வெட்டிவிட்டு மறுதளிர் வர வர ஒடித்தால் போதும். அதற்குக் கூலி அதிகம் ஆகும் என்பார்கள். ஆகட்டும், அந்தக் கூலி உள்ளூர்க்காரர்களுக்குத்தானே போகிறது.

எங்களுக்கு வேண்டியது பெரிய செலவு பிடிக்கிற திட்டம் அல்ல. முதலில் கார அமில நிலை, பரிமாற்ற சோடியம், ஜிப்சம் தேவை ஆகிய மூன்றையும் மேல்மண்ணிலும் அடிமண்ணிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். தேவையில் பாதி அளவு ஜிப்சம் இட்டுத் தொழு உரமும் சேர்த்தாலே களர் வயல்களில் பலன் கிடைக்கிறது. வேளாண்மைத் துறையின் பரிந்துரையும் அதுவே. மேய்ச்சல் தரையில் ஆழ உழக் கூடாது. மேலாக நாலு அங்குலம் கீறிக் கலந்தால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் தூவிவிட வேண்டும். ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிவிட்டுக் களியில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியம் சல்பேட்டாக மழையில் கரைந்து வெளியேற வேண்டும். அதனால் முழங்கால் உயர வரப்புகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வடிகால் விட வேண்டும். அந்த வடிநீர் கால்நடை குடிக்கிற குட்டைக்குப் போகாமல் ஓடைக்குத் திரும்புவதைப் பொறியாளர் நேரில் வந்து உறுதி செய்ய வேண்டும். இதைக் கோட்டைவிட்டால் ஓர் இடத்துக் களரை இன்னோர் இடத்துக்கு மாற்றியதாகத்தான் ஆகும்.

ஜிப்சத்துக்கு ராஜஸ்தான் வரை போக வேண்டியதில்லை. ஊட்டத்தூர், காரை பக்கத்துக் களிப் படுகைகளில் ஜிப்சம் ஓடிக் கிடப்பது புவியியல் படித்தவர்களுக்குத் தெரியும். தூத்துக்குடியில் உரத் தொழிற்சாலையின் துணைப்பொருளாகவும் கிடைக்கிறது. எது மலிவோ, எது தரச் சோதனையில் தேறுகிறதோ அதை வாங்கலாம்.

அப்புறம் புல். களரைத் தாங்கும் கர்னால் புல், ரோட்ஸ் புல், நம் அருகு இவற்றின் கரணைகளையும் விதையையும் முதல் மழையோடு போட்டு, ஒரு பருவம் முழுக்க மேய்ச்சலை நிறுத்திவைக்க வேண்டும். நிலம் முழுவதையும் ஒரே நேரத்தில் அடைத்தால் எங்கள் ஆடுகளுக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே மூன்றாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்றாக அடைக்கும்படி கேட்கிறோம். அடைத்த பங்குக்குள் ஓர் ஆடுகூட நுழையாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. அதற்கு முன்னதாக, ஜிப்சம் இடும் பங்கில் கோடையிலேயே எங்கள் பட்டிகளைக் கூலி வாங்காமல் இரவில் அடைத்துக் கிடை போடுகிறோம். ஆட்டெரு மக்கும்போது வருகிற கரியமில வாயு மண்ணில் இருக்கும் சுக்கானையும் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கும். நிழலுக்கு நாலு நாட்டுக் கருவேலம் வேண்டுமானால், கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்வதுபோல, சுக்கான் அடுக்கைத் துளைக்கிற ஆழத்துக்குத் துளைக்கருவியால் ஒடுங்கிய துளை போட்டு, ஜிப்சமும் எருவும் நிரப்பி நடலாம்.

இன்னொன்று. மொட்டையாகக் கிடக்கிறது என்பதால் இந்த இடத்தைப் பதிவேட்டில் தரிசு என மாற்றி வேறு பயனுக்குக் கொடுக்கப்போவதாக ஊரில் பேச்சு அடிபடுகிறது. உண்மையா என்று தெரியவில்லை. ஊர்ப் பொது நிலங்களைக் காப்பது குறித்து உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னதை இங்கே நினைவூட்டி, மேய்க்கால் என்ற வகைப்பாட்டை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எனவே, குழி வெட்டும் பணியை உடனே நிறுத்திவைத்து, வேளாண்மைத் துறை, கால்நடைப் பராமரிப்புத் துறை, நாவலூர் குட்டப்பட்டு ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றின் அலுவலர்கள் ஒன்றாக வந்து நிலத்தைப் பார்வையிடவும், வரும் புரட்டாசிக்குள் முதல் பங்குக்கு ஜிப்சம் வழங்கி நூறு நாள் வேலையில் வரப்பு, வடிகால் பணிகளைச் சேர்க்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். பார்வையிட வரும் தேதியை ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால், மேய்ச்சலுக்குப் போகிறவர்களும் ஊரில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆடு மாடு வளர்க்கும் குடும்பத்தினர்

இணைப்பு: முந்தைய மண் பரிசோதனை அறிக்கை நகல், நிலத்தின் புகைப்படங்கள், கையொப்பப் பட்டியல்.