மேல்கோர்ட்டு தீர்ப்பைப் போடும்போது அப்பீல் கெடுவையும் சேத்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல ஹைகோர்ட்டு தீர்ப்புகள்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, அதுல ஒண்ணுக்கு இல்லத்தரசிக்குக் கணவன் சொத்துல சரிபாதின்னு கொட்டை எழுத்துல தலைப்பு. நான் 31 வருஷமா தாலுகா கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தாவா இருக்கேன், அந்தத் தலைப்பைப் பாத்ததும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு. ஏன்னா 2023ல இதே தீர்ப்பைப் பத்தி வேற ஒரு பேப்பர்ல வந்ததை வெட்டி, ரேஷன் கார்டு கவருக்குள்ள மடிச்சு வச்சுக்கிட்டு ஒரு அம்மா எங்க ஆபீசுக்கு வந்தாங்க.

அவங்க கேஸ் முன்சீப் கோர்ட்டுல தள்ளுபடி ஆகி அஞ்சு மாசம் ஆகியிருந்துச்சு. புருஷன் வேற குடித்தனம் போயிட்டார், நிலமும் வீடும் அவர் பேர்ல, அதுல பாதி வேணும்னு கேட்ட கேஸ். ஏம்மா உடனே அப்பீல் போடலைன்னு கேட்டேன். "எதுக்குண்ணே அப்பீலு, ஹைகோர்ட்டே எல்லா பொம்பளைக்கும் பாதின்னு சொல்லிருச்சே, இதுல போட்டிருக்குல்ல"ன்னு அந்தக் கட்டிங்கைப் பிரிச்சுக் காட்டினாங்க. முன்சீப் கோர்ட்டு தீர்ப்பு மேல அப்பீல் போட 30 நாள்தான், தீர்ப்பு நகல் வாங்க ஆகுற நாளை அதுல கழிச்சுக்கலாம், ஆனா இவங்க நகலுக்கு மனுவே போடல. இப்போ தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேக்குற டிலே பெட்டிஷன் போட்டு, ஏன் லேட்டுன்னு ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லணும், பேப்பர்ல படிச்சு தப்பா நெனச்சுட்டேன்னு சொன்னா எந்த ஜட்ஜ் ஒத்துப்பார்?

அந்தத் தீர்ப்பு உண்மையிலேயே பெரிய தீர்ப்புங்க, அதை நான் கொறச்சு சொல்லவே மாட்டேன். 2023 ஜூன்ல நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி குடுத்தது. புருஷன் சவூதியில வேலை பாத்து பணம் அனுப்பினார், மனைவி இங்க பிள்ளைங்களையும் குடும்பத்தையும் பாத்துக்கிட்டாங்க, அந்தப் பணத்துல வாங்குன சொத்து யாருதுன்னுதான் தகராறு. புருஷன் 8 மணி நேரம் வேலை பாக்குறார்னா மனைவிக்கு 24 மணி நேரமும் வேலை, அவங்க வீட்டைப் பாத்துக்கிட்டதாலதான் அவரால சம்பாதிக்க முடிஞ்சுதுன்னு சொல்லி, கல்யாணத்துக்கு அப்புறம் அப்படி வாங்குன சொத்துல மனைவிக்கும் சமபங்குன்னார். இதுக்குன்னு தனிச் சட்டம் எதுவும் இல்ல, ஆனா கோர்ட்டு அவங்க பங்களிப்பை ஏத்துக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் தடுக்கலைன்னும் எழுதினார். படிச்சப்ப எங்கம்மா ஞாபகம் வந்து எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா எங்க கேஸ்ல நிலம் புருஷனுக்கு அவங்கப்பா வழியில வந்தது, சம்பாதிச்சு வாங்குனது இல்ல. அந்த நிலத்துக்கு இந்தத் தீர்ப்பைக் காட்டினா எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே நிமிஷத்துல, அந்த வழக்கோட சங்கதி வேற இது வேறன்னு பிரிச்சுக் காட்டிடுவார். இதுல எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் என்னன்னா, அந்த நிலத்துல நிக்குற வீடு கல்யாணத்துக்கு அப்புறம் கட்டினது, அந்தம்மா ரெண்டு கறவை மாடு வச்சு பால் சொசைட்டிக்கு ஊத்துன காசும் அதுல இருக்கு, பாஸ்புக்கே இருக்கு! கீழ்க்கோர்ட்டுல அதை யாரும் கேக்கவும் இல்ல, தாக்கல் பண்ணவும் இல்ல. முதல் அப்பீல்ல புதுசா டாக்குமென்ட் குடுக்கணும்னா சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 41 ரூல் 27ல தனியா பர்மிஷன் கேக்கணும், அதுக்கும் முதல்ல அப்பீல் உள்ள போகணுமே. அதையும் தாண்டி ஹைகோர்ட்டுக்கு செகண்ட் அப்பீல் போனா, அதே சட்டத்தோட பிரிவு 100ன்படி முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாத்தான் எடுப்பாங்க, சாட்சியத்தை ஆதியில இருந்து திரும்பப் பாக்க மாட்டாங்க.

கிரிமினல் அப்பீல் அப்படி இல்ல, அதுல ஹைகோர்ட்டு சாட்சியத்தையும் முழுசா திரும்பப் பாக்கும். வாச்சாத்தி கேஸையே எடுத்துக்குங்க. தர்மபுரி மாவட்டத்து மலைவாழ் மக்கள் ஊர் அது. 1992 ஜூன் 20ல சந்தனக்கட்டை கடத்தல் சோதனைன்னு போன அதிகாரிங்க ஊர் சனத்தை அடிச்சு, பெண்களைப் பாலியல் வன்கொடுமை பண்ண கொடுமை, 269 அதிகாரிங்க மேல குற்றச்சாட்டு, தீர்ப்பு வர்றதுக்குள்ள 54 பேர் செத்துட்டாங்க, உயிரோட இருந்த 215 பேரும் குற்றவாளின்னு தர்மபுரி கோர்ட்டு 2011 செப்டம்பர் 29ல சொல்லுச்சு. அவங்க போட்ட அப்பீலை நீதிபதி வேல்முருகன் 2023 செப்டம்பர் 29ல தள்ளுபடி பண்ணார், சரியா 12 வருஷம். அதுக்கு முன்னாடி அவரே அந்த ஊருக்குப் போய் பாத்தார், உண்மையான கடத்தல்காரங்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாத்தத்தான் அதிகாரிங்க சேந்து இந்த நாடகத்தை ஆடினாங்கன்னு எழுதினார், பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம், அதுல பாதியை பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனை வாங்குனவங்ககிட்ட வசூல் பண்ணணும்னார். நான் பாத்த பேப்பர்ங்கள்ல முக்கால்வாசி "தண்டனை உறுதி"ன்னு ரெண்டு காலத்துல முடிச்சுட்டாங்க, ஏன் உறுதியாச்சுங்கறதுக்கு நாலு வரி கூட இல்ல.

இன்னொண்ணு. முன்னாள் அமைச்சர் பொன்முடியோட சொத்துக் குவிப்பு கேஸ்ல கீழ்க்கோர்ட்டு விடுதலை பண்ணதை ஹைகோர்ட்டு 2023 டிசம்பர்ல ரத்து பண்ணி தண்டனை குடுத்துச்சு, 2024 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தண்டனையை நிறுத்தி வச்சுது. டீக்கடையில எல்லாரும் அவர் விடுதலை ஆயிட்டார்னே பேசுனாங்க. நிறுத்தி வைக்குறதுன்னா அப்பீல் முடியுற வரைக்கும்தான், விடுதலை வேற, ரத்து வேற. இந்த மூணு வார்த்தையையும் நீங்க கலக்காம எழுதினாலே பாதி குழப்பம் தீந்துடும்.

தாலுகா கோர்ட்டு தீர்ப்பு பெரும்பாலும் தமிழ்ல வருது, எழுதப் படிக்கத் தெரிஞ்ச யாரும் தடவிப் பாத்து புரிஞ்சுக்கலாம். ஹைகோர்ட்டு தீர்ப்பு இங்கிலீஷ்ல வருது, அதனால எங்க ஊர் சனத்துக்கு ஹைகோர்ட்டு என்ன சொல்லுச்சுங்கறது நீங்க எழுதுறதுதான். அதனாலதான் கெஞ்சிக் கேக்குறேன். ஒவ்வொரு தீர்ப்பு செய்தியோடயும் இது சிவிலா கிரிமினலா, எந்தக் கோர்ட்டு தீர்ப்பை மாத்துனாங்க, எந்த மாதிரி சொத்துக்கு இது பொருந்தும், இதுக்கு மேல இன்னும் அப்பீல் உண்டாங்கறதை ஒரு சின்ன பெட்டி கட்டிப் போடுங்க. மாவட்டக் கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு சிவில்னா 90 நாள், கிரிமினல்னா 60 நாள்னு கெடுவையும் கீழ போடுங்க. இடம் இல்லைன்னா ஒரு போட்டோவைச் சின்னதாக்குங்க.

அந்தம்மாவோட டிலே பெட்டிஷன் அப்போ இருந்து வாய்தா மேல வாய்தாவா போய்க்கிட்டிருக்கு. இந்த மாசம் 17ம் தேதி மறுபடியும் வருது, பால் சொசைட்டி பாஸ்புக்கை லேமினேட் பண்ணாம அப்படியே ஒரிஜினலா கொண்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
திருவண்ணாமலை மாவட்டம்