பதநீரைக் கள் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனைத்தொழில் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை, பனையேறிகளின் பாட்டைப் பரிவோடு எடுத்துரைத்தது. ஆனால் அதே கட்டுரையில், கள்ளைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதாக ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. பதநீர்க் கலயத்தோடு நிற்பவரின் படத்துக்குக் கீழே அவர் கள் இறக்கும் தொழிலாளி என்றும் அச்சாகியிருந்தது. இரண்டுமே பிழை.

பதநீரும் கள்ளும் ஒரே பாளையிலிருந்துதான் வடிகின்றன. அவற்றைப் பிரிப்பது சுண்ணாம்பு. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுமுன் அதன் உட்புறம் சுண்ணாம்பு பூசிவிட்டால், சொட்டுச் சொட்டாக விழும் சாறு புளிக்காமல் நிற்கும். புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் காரத்தில் எளிதில் பெருகுவதில்லை. இதுவே பதநீர். பேச்சில் பதனி என்பார்கள். குமரி மாவட்டத்தில் அக்கானி, கொங்கு நாட்டில் தெளுவு. சுண்ணாம்பு பூசாத கலயத்திலோ, மரத்தில் தொங்கும்போதே சாறு நொதிக்கத் தொடங்கி, அதிலுள்ள சர்க்கரை சிறிது சிறிதாக ஆல்கஹாலாக மாற, வெளுத்து நுரைத்துக் கள்ளாகிவிடுகிறது. விடியற்காலையில் இறக்கிய கள்ளில் இனிப்பு மிச்சமிருக்கலாம். அதனால் அது பதநீர் ஆகிவிடாது.

கள்ளைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்க முடியாது என்பது பனங்காட்டில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பதநீரை அடுப்பில் ஏற்றி, விடாமல் கிளறி, பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தால் கட்டியாக இறுகும். சாற்றின் சர்க்கரை சிதையாமல் இருந்தால்தான் இந்த இறுக்கம் வரும். புளிப்பேறிய சாறு எவ்வளவு நேரம் கொதித்தாலும் இளகிய பாகாகவே நின்றுவிடும். விறகும் ஒரு நாள் உழைப்பும் வீண்.

திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில், கள் என்ற சொல்லைப் போதை தரும் குடி அனைத்துக்கும் பொதுவாகக் கொள்ளலாம். செய்தித்தாளில் அந்த விரிந்த பொருளுக்கு இடமில்லை. ஏனெனில், தமிழ்நாட்டில் இன்று கள் இறக்குவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்; பதநீர் இறக்குவது குற்றமன்று. கருப்பட்டிக்காக மரமேறும் ஒருவரை, முகம் தெரியும் படத்தோடு, கள் இறக்குபவர் என்று அச்சிடுவது, அவர் செய்யாத குற்றத்தை அவர்மேல் ஏற்றுவதாகும். பனையேறிகள் இந்தச் சந்தேகப் பார்வையை ஏற்கெனவே போதுமான அளவு சுமக்கிறார்கள். கள்ளுக்கான தடை நீடிக்க வேண்டுமா, நீங்க வேண்டுமா என்பது வேறு விவாதம். அதில் எந்தப் பக்கம் நின்று பேசுபவரும் இவ்விரு சொற்களைக் குழப்பிக்கொண்டு பேச முடியாது.

எனவே, வரும் இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டும் என்றும், இணையப் பதிப்பில் அந்தப் படக்குறிப்பை உடனே மாற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்