முடிச்சூர் ஃபிளாட் விஷயமாக

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபிளாட் விளம்பரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். நீச்சல் குளம் இருக்கிறது, ஜிம் இருக்கிறது, "தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடம்" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த வண்டியில் போய் அளந்தார்கள் என்று மட்டும் காணோம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பைக்கில் போயிருப்பார்கள். முடிச்சூர் சாலை வேலை நாளில் காலை எட்டரைக்கு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்திலேயே கிடக்கிற எனக்குத் தெரியாதா?

வரலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியில் குக்கர் விசில் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

மேற்கு மாம்பலத்தில் நீங்கள் கொடுக்கிற வாடகையை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. சுவரில் ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வாடகையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் இங்கே ஈஎம்ஐ கட்டிவிடலாம் என்கிறாய். கணக்கு சரிதான். ஆனால் அதில் தூரம் எங்கேயும் வரவில்லையே. தூரத்துக்கும் ஒரு தவணை உண்டு. அதை வீட்டில் யாராவது ஒருவர் தினமும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது யார் என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் வேலை. முடிச்சூரிலிருந்து வண்டலூர் - வாலாஜாபாத் சாலையைப் பிடித்தால் படப்பை, அதைத் தாண்டினால் ஒரகடம். இப்போது இருட்டோடு எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர், இங்கே வந்தால் பாப்பா பல் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். அவர் ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. உனக்கு? ஆபீஸ் நுங்கம்பாக்கத்தில். மாம்பலத்தில் ஏறினால் கோடம்பாக்கம், அடுத்தது நுங்கம்பாக்கம். நின்றுகொண்டே போய்விடுகிறாய். முடிச்சூரிலிருந்து என்றால் முதலில் ஷேர் ஆட்டோ, அப்புறம் ரயிலில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் அதையே திருப்பிப் போடு. தாம்பரத்திலிருந்து புறப்படுகிற வண்டி என்றால் உட்கார இடம் கிடைக்கும். பெருங்களத்தூர் ஸ்டேஷன்தான் கிட்ட என்று அங்கே போனால், செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டி ஏற்கெனவே நிரம்பி வரும். தாம்பரத்துக்குத் தெற்கே வண்டிகளும் குறைவு. 2025 ஏப்ரலில் ஏசி மின்சார ரயில் விட்டார்கள், சொகுசாகத்தான் இருக்கிறதாம். ஆனால் அது நாள் முழுக்க ஓடுகிற வண்டி இல்லை, டிக்கெட்டும் சாதாரண வண்டி மாதிரி இல்லை.

1986-ல் திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தை விட்டு, தாம்பரத்துக்குப் பக்கத்தில் இந்தச் சிட்லபாக்கம் வந்தபோது நீ கைக்குழந்தை. மனை மலிவு, சொந்த வீடு, நல்ல காற்று என்று உங்கப்பா முடிவெடுத்தார். அவருக்குப் பல்லாவரத்தில் வேலை. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். எனக்கு மெரினா பக்கத்தில் எழிலகத்தில் ஆபீஸ். அதுவரை ஆபீசுக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தவள், பார்க் ஸ்டேஷன் வரைக்கும் மீட்டர் கேஜ் வண்டி, அங்கிருந்து பஸ் என்று ஆனேன். 2004-ல் மீட்டர் கேஜை நிறுத்துகிற வரைக்கும் அந்தக் குறுகலான பெட்டிகளை நம்பித்தான் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் ஓடின.

சாயங்கால லேடீஸ் பெட்டியை நீ பார்த்திருக்க வேண்டும். எழும்பூரில் கீரைக்காரம்மா ஏறுவார். ஒரு கட்டு வாங்கி, மடியில் பழைய பேப்பரை விரித்து ஆய ஆரம்பித்தால் குரோம்பேட்டை வருவதற்குள் முடிந்துவிடும். எதிர் சீட்டில் டெலிபோன்ஸில் வேலை பார்த்த ஓர் அம்மாள் சின்ன வெங்காயம் உரிப்பார், சுற்றி இருக்கிற எல்லோருக்கும் கண் எரியும். பூக்காரி, சுண்டல்காரர், யாருக்கோ வளைகாப்பு என்று ஒரே கலகலப்பு. கேட்க ஜாலியாக இருக்கிறது, இல்லையா? ரயிலிலேயே கீரை ஆய்ந்ததற்குக் காரணம், வீட்டுக்கு வந்து ஆய உட்கார்ந்தால் சாப்பிட ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும் என்பதுதான். நீ முதலில் பேசிய வார்த்தைகள் எல்லாம் பாட்டிக்குத்தான் தெரியும். நான் வந்து சேரும்போது நீ பாதி நாள் தூங்கிப்போயிருப்பாய்.

இங்கே வந்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. வீடு நிலைத்தது, நீ படித்தாய், ஓய்வுக்குப் பிறகு வாடகைக்குப் பயப்படாமல் இருக்கிறேன். ஆனால் மனைக்கான பணத்தை உங்கப்பா கட்டினார், தூரத்தை நான் கட்டினேன். அதைப் பற்றி அப்போது யாரும் பேசவே இல்லை, நானும் பேசவில்லை, அந்தக் காலத்தில் அப்படி. நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம். நீ ஏழு மணிக்குப் படி இறங்கினால் பாப்பாவுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவது யார்? ஒரகடத்திலிருந்து உனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறவர் சமையல்கட்டுக்குள் நுழைவாரா, டிவி முன்னால் உட்காருவாரா? இதற்கெல்லாம் முதலிலேயே பதில் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன், தோசை நன்றாகவே வார்க்கிறார்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் எனக்கு நிஜமான பயம்.

அடையாறு என்றதும் உனக்குத் திரு.வி.க. பாலம்தான் ஞாபகம் வரும். அந்த ஆறு உருவாவதே ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில்தான். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதன் கரையிலேயே இருக்கின்றன. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தப் பக்கத்து வீடுகளில் தரைத்தளம் மூழ்கி, மாடியில் நின்றவர்களைப் படகில் வந்து கூட்டிப்போனார்கள். டிவியில் பார்த்துவிட்டு நீயே எனக்குப் பதறிப் போய் போன் செய்தாய், லைன் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரை கட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள், பலனும் ஓரளவு இருக்கிறது. இருந்தாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கே மறுபடியும் தண்ணீர் நின்றது. எங்கள் சிட்லபாக்கம் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை, இங்கேயும் ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் பார்ப்பது ஐந்தாவது மாடி, வீட்டுக்குள் தண்ணீர் வராது. சரி. கீழே நிற்கிற கார்? லிஃப்ட்? கரண்ட் இல்லாமல் ஐந்து மாடி குடிதண்ணீரைத் தூக்குவது? ஜெனரேட்டர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேட்டாயா?

விற்கிற ஆளிடம் கேட்காதே. அவர் "இங்க தண்ணியே நிக்காது மேடம்" என்பார். அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் நாலு சட்டையைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடு. மளிகைக் கடையில், கீழ்த்தட்டில் மூட்டை வைத்திருக்கிறாரா, எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு மேலேதான் அடுக்கியிருக்கிறாரா என்று பார். பழைய வீடுகளில் ஈபி மீட்டர் பெட்டியைப் பார். ஒருமுறை பட்டவர்கள் அதைக் கை எட்டாத உயரத்துக்கு ஏற்றி மாட்டியிருப்பார்கள், பழைய பெட்டி இருந்த இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருக்கும். காம்பவுண்ட் சுவரில் பழுப்பாக ஒரு கோடு தெரிகிறதா, புதிதாகப் பெயின்ட் அடித்ததில் அந்த உயரம் வரைக்கும் மட்டும் வேறு நிறமா, அதையும் கவனி.

வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறு. போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு, குடிக்க கேன், புழங்க லாரி. சாக்கடைக் குழாய் போகாத இடத்தில் கழிவுநீரை எடுக்கவும் லாரிதான். பராமரிப்புக் கட்டணத்தில் இந்த லாரிகளுக்கு எவ்வளவு போகிறது என்று அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறவர்களைக் கேள். ஈஎம்ஐயோடு அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மாம்பலம் வாடகையோடு ஒப்பிடு.

இன்னொன்று. விளம்பரத்தில் தாம்பரம் என்று போட்டிருக்கிறார்களே, 2021 நவம்பரில் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கியபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சி, எங்கள் சிட்லபாக்கம் உட்பட ஐந்து பேரூராட்சிகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். அதில் முடிச்சூர் கிடையாது, அது ஊராட்சி. அதனால் குப்பை யார் எடுப்பது, தெரு விளக்கு யார் பொறுப்பு என்பதை விசாரித்துக்கொள். நாளைக்கே சேர்த்தாலும் துள்ளிக் குதிக்க வேண்டாம். மாநகராட்சி ஆனதும் எங்கள் தெருவுக்கு முதலில் வந்தது வரி நோட்டீஸ்தான். மற்றதெல்லாம் மெதுவாக வருகிறது.

நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு மாப்பிள்ளை ஊருக்குப் போவது சுலபம். பொங்கல் சமயத்தில் கோயம்பேடு வரைக்கும் மூட்டை முடிச்சோடு போய் அவதிப்பட்டதெல்லாம் இனி இல்லை. வெளிவட்டச் சாலை பக்கத்திலேயே ஏறுகிறது. பாப்பா சைக்கிள் ஓட்ட இடம் இருக்கும். மாம்பலத்தில் அவள் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடப்பதைப் போன தடவை பார்த்தேன். ஆனால் அவள் இப்போது ஏழாவது. மாற்றுவதாக இருந்தால் ஒன்பதாவது தொடங்குவதற்குள் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது பரீட்சை முடியட்டும். நடுவில் வேண்டாம்.

இப்போது என் விஷயம். "உன் பக்கத்துலயே வந்துடலாம்மா" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் முடிச்சூர் எனக்குப் பக்கம் இல்லையடி. நீ தண்டவாளத்துக்கு மேற்கே, நான் கிழக்கே. கிழக்குத் தாம்பரமும் மேற்குத் தாம்பரமும் இரண்டு ஊர் மாதிரி. இரண்டு ஷேர் ஆட்டோ மாறி, நடுவில் ஸ்டேஷன் படி ஏறி இறங்கி வர வேண்டும். மாம்பலத்திலிருந்து நீ ஒரே ரயிலில் வந்துவிடுகிறாய். மூட்டு வலிக்குச் சானடோரியம் சித்த மருத்துவமனைக்குப் போய்வருகிறேன், எதிர்வீட்டு மாமி துணைக்கு வருகிறார், பால்காரரிலிருந்து பிளம்பர் வரைக்கும் என்னைத் தெரியும். எனக்காக என்று நினைத்து இருபது வருஷக் கடனில் இறங்காதே. அப்படி வந்தால், என்றைக்காவது ரயில் நின்றுபோய் நீ நனைந்துகொண்டு வீட்டுக்கு வருகிற ராத்திரியில் எனக்குத் தூக்கம் வராது.

என்னதான் செய்வது என்கிறாயா? நானாக இருந்தால் அந்த ஐந்தாவது மாடியை இப்போது வாங்க மாட்டேன். குரோம்பேட்டை, சானடோரியம் பக்கத்தில் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் பழைய ஃபிளாட்டுகள் விற்பனைக்கு வருகின்றன. நீச்சல் குளம் கிடையாது, லிஃப்ட் இல்லாதவைகூட உண்டு, சமையலறை சின்னதாக இருக்கும். ஆனால் நீ ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டாம், மாப்பிள்ளைக்கும் ஒரகடம் இப்போது இருப்பதைவிடக் கிட்ட. தூரத்தை இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்வீர்கள். பழைய கட்டடத்துக்கு பேங்க் கடன் குறைவாகக் கொடுக்கும், தவணைக் காலமும் சுருங்கும், அதை முதலில் கேட்டு வை.

இல்லை, முடிச்சூர்தான் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்றால், அதே தெருவில் ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். ஆடியில் வந்தால் ஐப்பசி, கார்த்திகையைப் பார்த்துவிடலாம், சித்திரையில் தண்ணீர் லாரியையும் பார்த்துவிடலாம். அதற்குள் விலை ஏறிவிடும் என்று அந்த ஆள் பயமுறுத்துவார். ஏறினால் ஏறட்டும். வாங்குவதற்கு முன்னால் மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, சிஎம்டிஏ அனுமதி, ரெரா பதிவு எல்லாவற்றையும் நாமே ஒரு வக்கீல் வைத்துப் பார்க்க வேண்டும், பில்டர் சொல்கிற வக்கீல் ஆகாது. ஏரிப் புறம்போக்கு ஏதாவது தொட்டுக்கொண்டு போகிறதா என்று அந்த சர்வே எண்ணை வைத்துத் தனியாக விசாரிக்கச் சொல். யூடிஎஸ், அதாவது நிலத்தில் நம் பங்கு, எத்தனை சதுர அடி, கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்குகிற இடம், எத்தனை என்று கேள். விளம்பரத்தில் இருக்கிற பெரிய எண்ணில் மாடிப்படியும் லிஃப்டும்கூட அடக்கம்.

அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூட இன்னும் கொடுக்கவில்லையே? கொடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை சைட் பார்க்க வேன் அனுப்புகிறார்களாம், அதில் ஏறாதே. அடுத்த வாரம் ஒரு வேலை நாளில் லீவு போடு. முந்தின நாள் ராத்திரியே இங்கே வந்து படுத்துக்கொள். காலை ஏழு மணிக்கு அந்த ஃபிளாட் வாசலில் நிற்போம், நானும் வருகிறேன். ஷேர் ஆட்டோ பிடித்து, பெருங்களத்தூரில் ரயில் ஏறி, நுங்கம்பாக்கத்தில் உன் ஆபீஸ் வாசல் வரைக்கும் போய்ப் பார்ப்போம். எத்தனை நிமிடம் ஆகிறது என்று நீயே உன் போனில் குறித்துக்கொள். திரும்புகிற வழியில் மாம்பலத்தில் இறங்கி எனக்கு ஒரு ஜதை செருப்பு வாங்க வேண்டும், இது அறுந்துவிட்டது.

இப்படிக்கு,
அம்மா